செண்பகத்தின் நூலில் இல்லாத நிறம்

போன மாதம் உங்கள் சர்க்கரை நோய்ப் பிரிவுக்கு என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தீர்கள். புதிதாகச் சேர்ந்த நர்ஸ் பெண் ஒருத்தி இன்சுலின் பம்பைக் கையில் வைத்துக் காட்டினாள். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. இடுப்பில் மாட்டிக்கொண்டால் வயிற்றுத் தோலுக்கு அடியில் நாள் முழுக்கச் சொட்டுச் சொட்டாக மருந்து போய்க்கொண்டிருக்குமாம். கண்ணாடி ஊசியைக் கொதிக்க வைத்தே விரல் வெந்துபோன பழைய கம்பவுண்டர் நான். அதைத் தொட்டுப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

அந்தப் பெண் ஒரு செய்தியும் சொன்னாள். "பம்ப் மாட்டுனதுல இருந்து எடை கூடுதேன்னு ஒரு அம்மா அழுதுகிட்டே இருந்தாங்க ஐயா. இப்ப மூணு மாசத்துல ஒன்பது கிலோ குறைச்சுட்டாங்க. நாங்க சக்கரை இல்லாத கேக் வாங்கி வெட்டினோம்."

எல்லாரும் கை தட்டினீர்கள். நான் தட்டவில்லை. "அந்த அம்மா பெட்டியை ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் கழற்றி வைக்கிறார் என்று கேட்டீர்களா?" என்று கேட்டேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டீர்கள். கிழவனுக்குச் சந்தேகப் புத்தி என்று சிலர் நினைத்திருப்பீர்கள். அது எனக்கு எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குச் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். படித்து முடிப்பதற்கு முன்னால் அந்த அம்மாவுக்கு ஒரு போன் போட்டுவிட்டு வந்தாலும் எனக்குச் சம்மதமே.

எண்பதுகளின் தொடக்கத்தில் சங்கரன்கோவிலில் ஒரு டாக்டரிடம் வேலை பார்த்தேன். படிப்பு எட்டாம் வகுப்பு. மருந்தை லேபிளைப் பார்த்துக் கற்றேன், நோயை நோயாளிகளின் வாயைப் பார்த்துக் கற்றேன். ஜனங்கள் சொல்கிற விதம் இருக்கிறதே, அதைக் கேட்கத்தான் நான் வேலைக்கே போனேன் என்று சொல்லலாம். திருவேங்கடம் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரர் ஒருவர் கால் மரத்துப்போனதை, "செருப்பு கழண்டது எனக்குத் தெரியலய்யா, பின்னால வந்தவன் கையில கொண்டாந்து தந்தான்" என்றார். கடையநல்லூரிலிருந்து வந்த பாய் ஒருவர் தன் தாகத்தைப் பற்றி, "கெணத்த முழுங்கிட்டுக் கயித்தத் தேடுதேன் தம்பி" என்றார். மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்த டைரியில் இதையெல்லாம் எழுதி வைப்பேன். பேச்சை இவ்வளவு ரசித்தவன், தான் பேசிய ஒரு பேச்சு எங்கே போய் விழுந்தது என்று பார்க்கத் தவறினேன்.

செண்பகம் முதல்முறை வந்தபோது சொன்னதும் அந்த டைரியில் இருக்கிறது. "நான் சேலையக் கட்டல அண்ணாச்சி. சேலைதான் என்னயத் தூக்கிக்கிட்டுத் திரியுது."

அப்படி இளைத்திருந்தாள். வயது இருபத்தெட்டு இருக்கும். பவர்லூம் கூடத்தில் இரண்டு தறி ஓட்டுகிறவள். தாய் தகப்பன் இல்லை. மாடத்தி என்று ஒரு தங்கை மட்டும். அதே கூடத்தில் தார் சுற்றுகிறவள், அதாவது தறியின் ஓடத்துக்குள் வைக்கிற சிறு கட்டைகளில் நூல் சுற்றுகிறவள். செண்பகத்துக்குச் சர்க்கரை எக்கச்சக்கமாக இருந்தது. மாத்திரை கேட்கவில்லை. டாக்டர் இன்சுலின் ஆரம்பித்தார். தினமும் கிளினிக்குக்கு வந்து போனால் தறி வேலை கெடும் என்பதால் அவளே போட்டுக்கொள்ள நான் கற்றுக்கொடுத்தேன். கத்திரிக்காயில் நாலு நாள் குத்திப் பழகினாள். ஐந்தாம் நாள் தன் தொடையில் குத்திவிட்டு, "கத்திரிக்காய்க்கு வலிச்சிருந்தா சொல்லியிருக்கும்லா" என்று சிரித்தாள்.

விரலில் ஒரு பொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்க்கிற மிஷின் அப்போது எங்கள் பக்கம் கிடையாது. சிறுநீரை நீல மருந்துத் தண்ணீரில் விட்டுக் காய்ச்சுவோம். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம், மஞ்சள் என்றால் அதிகம், செங்கல் நிறம் வந்தால் ஆபத்து. அதையும் வீட்டிலேயே பார்க்கப் பழகிக்கொண்டாள். தினமும் பார்த்ததை எழுதிவைக்க ஒரு நோட்டைக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் திரும்பக் கொடுத்தாள்.

"இதுல எழுத எனக்குத் தெரியாதுல்லா. அண்ணாச்சி, நான் நூல் கட்டிட்டு வரட்டா?"

"என்ன நூலு?"

"என்ன நிறம் வருதோ அந்த நிறத்துல ஒரு துண்டு நூலு. ஒரு நாளைக்கு ஒண்ணு. ஒண்ணோட ஒண்ணு முடிஞ்சு கொண்டாரேன்."

மாத முடிவில் கொண்டுவந்தாள். நான் நின்றுகொண்டு தூக்கிப் பிடித்தேன், என் முழங்காலைத் தொட்டது. மேலே செங்கலும் மஞ்சளும். கீழே வர வரப் பச்சை. கடைசியில் நாலைந்து நீலம். டாக்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "எழுதத் தெரிஞ்சவன் ஒருத்தன்கூட எனக்கு இப்படிக் கணக்குக் காட்டலவே" என்றார்.

இன்சுலின் அவளுக்கு உயிர் கொடுத்தது, சதையும் கொடுத்தது. இது இன்றைக்கும் நடப்பதுதான். வீணாய்ப் போய்க்கொண்டிருந்த சாப்பாடு உடம்பில் ஒட்ட ஆரம்பிக்கும். நாலாம் மாதம் கன்னம் வந்தது. வருஷம் திரும்பும்போது அவளால் வளையலைக் கழற்ற முடியவில்லை. அழகாகத்தான் இருந்தாள். ஆனால் அவள் வேலை அழகு பார்த்து நடக்கிற வேலை அல்ல.

பவர்லூம் கூடத்துக்குள் போயிருக்கிறீர்களா? தறிகளை நெருக்கி நெருக்கிப் போட்டிருப்பார்கள். இரண்டு தறிக்கு நடுவில் ஓர் ஆள் ஒருக்களித்துப் போகிற சந்து. பக்கவாட்டில் பெல்ட் ஓடும். அந்தச் சந்தில் நின்றுகொண்டுதான் இரண்டு தறியையும் பார்க்க வேண்டும். முந்தின வருஷம் வேறொருத்தியின் முந்தானை பெல்ட்டில் சிக்கி, யாரோ ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தியதால் பிழைத்தாள்.

ஒருநாள் செண்பகம் கிளினிக் பெஞ்சில் வந்து உட்கார்ந்து, தறிக்கூட மேஸ்திரி மாதிரியே வயிற்றைத் தள்ளிக்கொண்டு பேசிக் காட்டினாள். "'ஏட்டி செண்பகம், நீ சந்துக்குள்ள போகணும்னா தறியத்தான் தள்ளிப் போடணும். போ, போய் ஒந் தங்கச்சி கூட உக்காந்து தார் சுத்து.'"

"நீ என்ன சொன்ன?"

"'தறிய எதுக்கு அண்ணாச்சி தள்ளணும்? நீங்க வாசல அடைச்சிக்கிட்டு நிக்கிய, காத்தே வரமாட்டேங்கு. மொதல்ல நீங்க தள்ளுங்க'ன்னேன். கூடமே சிரிச்சிட்டு."

பெஞ்சில் இருந்தவர்களும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அவள் குரல் மாறியது. "ஆனாலும் எறக்கிட்டாரு அண்ணாச்சி. தறியில நின்னவ நான். எளைச்சுட்டு வா, தாரேன்னு சொல்லுதாரு. எளைக்கதுக்கு ஒரு ஊசி இருந்தா போடுங்க."

மேஸ்திரி சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவருக்கு அந்த முந்தானை ஞாபகம். டாக்டர் அவளிடம் சோற்றைக் குறைக்கச் சொன்னார், நடக்கச் சொன்னார், மூன்று மாதம் பொறுக்கச் சொன்னார். தறிக்குத் திரும்ப வேண்டும், அதுவும் சீக்கிரம். செண்பகத்துக்கு அப்போது வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

அப்போதுதான் ஆடி பிறந்தது. அம்மன் கோவிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறிவிட்டால் எங்கள் ஊரில் ஆடிச்சுற்று சுற்றுவார்கள். நேர்ந்துகொண்ட கணக்குக்கு ஐம்பத்தொன்றோ நூற்றொன்றோ கோவிலைச் சுற்றி வருவது. செண்பகம் நூற்றெட்டு நேர்ந்துகொண்டாள். அம்மனுக்கு நேர்த்தியும் ஆயிற்று, டாக்டர் சொன்ன நடையும் ஆயிற்று என்று அவள் கணக்கு. எங்களிடம் சொல்லவில்லை.

அன்று காலை பத்து மணி இருக்கும். கிளினிக்கில் கூட்டம் இல்லை என்று நான் கோவிலுக்குப் போயிருந்தேன். ஒரு மூலையில் குலவைச் சத்தம். ஆத்தா வந்திருக்கிறாள் என்று ஜனம் ஓடியது. எட்டிப் பார்த்தால் செண்பகம். தலை அவிழ்ந்து, கண் நிலைகுத்தி, உடம்பெல்லாம் ஆட நிற்கிறாள். யாரோ கையில் வேப்பங்குலையைத் திணித்திருந்தார்கள். ஒரு பெண் கீழே விழுந்து கும்பிட்டு, "தாயீ, எம் மக புருசன் வீட்டுக்குப் போவாளா? ஒரு வார்த்தை சொல்லு தாயீ!" என்று கதறிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மாடத்தியும் கை கூப்பி, கண்ணில் தண்ணீரோடு நின்றாள்.

செண்பகத்தின் வாய் ஏதோ முணுமுணுத்தது. "பசிக்கு... பசிக்கு..."

"ஆத்தா பசிக்குன்னு சொல்லுதா!" என்று ஒருவர் கத்தினார். மறுபடி குலவை.

நான் கிட்டே போய்க் கையைத் தொட்டேன். ஐஸ் மாதிரி இருந்தது. வெயிலில் நடந்த வியர்வை இல்லை, ஊற்று மாதிரி வழிகிற குளிர்ந்த வியர்வை. சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கிவிட்டது என்று புரிந்தது. இன்னும் சில நிமிஷத்தில் விழுவாள், வலிப்பு வரும், அதற்கு அப்புறம் வாயில் எதையும் ஊற்ற முடியாது.

"இது சாமி இல்ல, சக்கர கொறைஞ்சிட்டு" என்றேன். சொல்லி முடிக்கவில்லை, ஒருவர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "ஏல, கம்பவுண்டரு, ஆத்தா மேல கை வைக்கியா? தள்ளிப் போல!" இன்னும் நாலு பேர் குறுக்கே வந்தார்கள்.

அவர்களோடு வாதாட எனக்கு நேரம் இல்லை. அவளுக்குத்தான் நேரம் இல்லை என்று சொல்ல வேண்டும். சட்டென்று கையை உயர்த்திக் கும்பிட்டுக்கொண்டு கத்தினேன். "ஆத்தா பசிக்குன்னு கேக்கா, பாத்துக்கிட்டு நிக்கியளே! பானகம் கொண்டாங்க! தொண்டை நனையாம ஆத்தா எப்படிச் சொல்லுவா?"

பானகம் பறந்து வந்தது. வெல்லம் கரைத்த தண்ணீர்தானே. நானே தலையைத் தாங்கி மெல்ல மெல்ல ஊற்றினேன். ஒரு செம்பு. இன்னொரு செம்பு. பத்து நிமிஷத்தில் அவள் கண் இந்த உலகத்துக்கு வந்தது. "அண்ணாச்சி, நீங்க எங்க இங்கன?" என்று கேட்டாள். ஆத்தா மலையேறிவிட்டாள் என்று சொல்லி ஜனம் கலைந்தது.

இந்தக் கதையை இந்த இடத்தோடு நிறுத்தி எத்தனையோ மேடைகளில் சொல்லியிருக்கிறேன். கூட்டத்தோடு மல்லுக்கட்டாதே, நோயாளிக்கு வேண்டியதைக் கூட்டத்தின் கையாலேயே கொடுக்க வை என்று பாடமும் சொல்லுவேன். கை தட்டுவார்கள். அது உண்மைதான். ஆனால் அடுத்து நடந்ததை மேடையில் சொன்னதில்லை.

அவள் தெளிந்ததும் எனக்குக் கோபம் வந்தது. பயந்தவனுக்கு வருகிற கோபம். சுற்றிலும் பத்துப் பெண்கள் இன்னும் நின்றிருந்தார்கள். சற்று முன் ஓர் உயிரைக் காப்பாற்றிய தோரணையும் எனக்கு இருந்தது.

"காலையில ஊசி போட்டியா?"

"போட்டேன்."

"சாப்பிட்டியா?"

"வெரதம்லா அண்ணாச்சி."

"கூறு இருக்காட்டி ஒனக்கு? சாப்பிடாத அன்னைக்கு ஊசி போடக் கூடாது! சாப்பாடு இல்லையா, ஊசி இல்ல. அம்புட்டுதான். மாடத்தி, நீயும் கேட்டுக்கோ. எங்க, திருப்பிச் சொல்லு."

மாடத்தி சொன்னாள். "சாப்பாடு இல்லையா, ஊசி இல்ல."

செண்பகமும் தலையாட்டினாள். நான் திருப்தியாகக் கிளினிக்குக்குத் திரும்பினேன்.

இன்சுலின் போடுகிறவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியது இன்னும் இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அன்றைக்கும் தெரியும். அவசரத்தில், கோபத்தில், எளிதாக மனசில் நிற்கட்டும் என்ற ஆசையில், ஞாபகம் வைத்துக்கொள்ள வசதியான ஒரு துண்டை மட்டும் வெட்டிக் கொடுத்துவிட்டேன்.

அதற்கப்புறம் செண்பகம் இளைக்க ஆரம்பித்தாள். முதல் மாதம் மூன்று கிலோ. அடுத்த மாதம் நாலு. கிளினிக்கில் எடை பார்க்கிற மிஷின் முள் நின்றதும் நான் மேசையில் தாளம் போட்டேன். பெஞ்சில் இருந்தவர்களிடம், "பாத்துக்கிடுங்க, மனசு வச்சா இப்படி வைக்கணும். சோத்தக் கொறைங்கன்னா நீங்க கொறைக்கது ஊறுகாயைத்தான்" என்று அவளைக் காட்டிப் பேசினேன். அவள் வெட்கப்பட்டுக்கொண்டு நின்றாள்.

நூலும் கொண்டுவந்தாள். எல்லாம் நீலமும் பச்சையும். ஒரு மஞ்சள்கூட இல்லை. தூக்கிப் பிடித்தால் முழங்காலைத் தொட்ட நூல், இப்போது என் இடுப்போடு நின்றது. அதற்கடுத்த மாதம் ஒரு சாண். நான் நிறத்தைத்தான் பார்த்தேன், நீளத்தைப் பார்க்கவில்லை. பொய் சொல்லக்கூடாது, பார்த்தேன். முடிச்சை நெருக்கிப் போடுகிறாள் போல என்று நானே ஒரு பதிலையும் சொல்லிக்கொண்டேன். டாக்டருக்கு அன்று கூட்டம். நூலை அவர் கைக்கு நான் கொண்டுபோகவில்லை. "எல்லாம் நீலம் சார்" என்று வாசலில் நின்றே சொன்னேன்.

அன்றைக்கு அவள் எங்கள் பானையிலிருந்து மூன்று தம்ளர் தண்ணீர் குடித்தாள். "என்ன செண்பகம், எங்க பானைய வத்த வைக்கியா?" என்று கேலி செய்தேன்.

"தறிச் சத்தத்துல கத்திக் கத்தித் தொண்டை காஞ்சு போகுது அண்ணாச்சி" என்றாள்.

"தறிச் சத்தமா? நீ தார்தானே சுத்துத?"

அந்தக் கேள்விக்குத்தான் அவள் காத்திருந்திருக்கிறாள். முகம் எல்லாம் பல்லாகச் சொன்னாள். "மேஸ்திரி தறி குடுத்துட்டாரு அண்ணாச்சி! முந்தானைய இழுத்துச் சொருவிட்டுப் போனேன். ஒருக்களிக்கக்கூட இல்ல. நேரா போனேன். மேஸ்திரி கதவுல சாஞ்சுக்கிட்டு, 'சரிட்டி, நீ ஜெயிச்சிட்ட'ன்னாரு."

நான் அதையும் டைரியில் எழுதினேன். கிணற்றை விழுங்கிவிட்டுக் கயிற்றைத் தேடுகிற பாய் அதே டைரியில் நாலு பக்கம் முன்னால் இருந்தார். நான் பக்கத்தைப் புரட்டவில்லை.

ஐப்பசி மழையில் ஊரெல்லாம் காய்ச்சல். ஒரு காலையில் மாடத்தி இன்னும் இரண்டு பெண்களின் உதவியோடு செண்பகத்தை ரிக்ஷாவில் கொண்டுவந்தாள். இரண்டு நாளாகக் காய்ச்சல், வாந்தி. பெஞ்சில் கிடத்தினோம். நெடுந்தூரம் ஓடி வந்தவள் மாதிரி மூச்சு ஆழமாக, வேகமாகப் போய் வந்துகொண்டிருந்தது. ஆனால் அவள் அசையாமல் படுத்திருந்தாள். கூப்பிட்டால் கண் திறந்து மூடியது. குனிந்தபோது பழக்கடை மூலையில் கிடக்கிற அழுகல் பழ வாசனை அடித்தது. இன்சுலின் இல்லாமல் ரத்தம் விஷமாகிவிட்டதற்கு அடையாளமான அந்த வாசனையை முகர்ந்தவன் மறக்கமாட்டான்.

"கடைசியா எப்ப ஊசி போட்டா?"

மாடத்தி என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். தெரிந்த பாடத்தை வாத்தியாரே மறந்துவிட்டாரே என்று பார்க்கிற பார்வை. "அவதான் ரெண்டு நாளா ஒண்ணுமே சாப்பிடலையே அண்ணாச்சி. சாப்பாடு இல்லையா, ஊசி இல்லன்னு நீங்கதான சொன்னிய."

டாக்டர் உள்ளேயிருந்து வந்துவிட்டார். அவர் காதிலும் விழுந்தது. சலைன் ஏற்றி, இன்சுலின் போட்டு, வாடகைக் கார் பிடித்து, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். அவர் முன்னால். பின்னால் மாடத்தி மடியில் அக்கா தலை. நான் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு வண்டி ஊர்ந்து போயிற்று. ஒவ்வொரு பெட்டியாகப் போனது. கைமாற்றிக்கொள்ளத் தோன்றவில்லை, என் கை மரத்துவிட்டது. அப்போதுதான் டாக்டர் திரும்பாமலே கேட்டார்.

"நீ அப்படியா வே சொன்ன?"

"ஆமா சார். கோவில்ல. வெரதத்துல விழுந்தப்ப."

கேட் திறந்ததும் சொன்னார். "அன்னைக்கு மட்டும்னா சரிதான். பாதி சொல்லியிருக்க."

இரண்டாம் நாள் செண்பகம் செத்துப்போனாள்.

இங்கே நான் ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்ள வேண்டும். நாலைந்து நாள் கழித்து, தறிக்கூடத்துக்கு எதிரில் டீக்கடையில் நின்றேன். மேஸ்திரியும் இன்னும் சிலரும் இருந்தார்கள். "எளைக்கணும்னு அவளே ஊசிய நிறுத்திருக்கா. தானே தன் தலையில மண்ண அள்ளிப் போட்டுக்கிட்டா, கூறுகெட்ட மூதி" என்றார் மேஸ்திரி. திட்டும்போது அவர் குரல் உடைந்தது. இளைத்துவிட்டு வா என்று சொன்னவர் அவர்தானே. அவருக்கும் யார் தலையிலாவது பழியைப் போட்டாக வேண்டியிருந்தது. "அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க, ஊசிய நிறுத்தலாமா?" என்று என்னைக் கேட்டார்.

"நிறுத்தக் கூடாது" என்றேன். டீயைக் குடித்து முடித்துவிட்டு வந்தேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து மாடத்தி கிளினிக்குக்கு வந்தாள். ஒரு பவுடர் டப்பாவை மேசையில் வைத்தாள். "ஒங்க சாமான் அண்ணாச்சி. கண்ணாடி ஊசி. ஒடையாம வச்சிருந்தா."

திறந்தேன். ஊசிக்கு அடியில் மெத்தை மாதிரி நூல். துண்டு துண்டாக, எல்லாம் ஒரே நிறம். செங்கல்.

"இது என்னட்டி?"

"அது கெட்ட நூலு. கட்டிக்கிட்டு வருவா. நீங்க பாக்கதுக்கு முந்தின நாளு உக்காந்து அறுத்துருவா. அறுத்துட்டு நல்லதோட நல்லத முடிஞ்சிருவா."

எனக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. தறிக்கூடத்தில் அதுதான் வேலை. தார் சுற்றும்போது நூல் பிசிராக வந்தால், அழுக்காக வந்தால், அந்த இடத்தை அறுத்துவிட்டு நல்ல நூலோடு நல்ல நூலை முடிந்துவிட வேண்டும். முடிச்சு தெரியாமல் போட்டால் கெட்டிக்காரி. யாரையும் ஏமாற்ற நினைத்து வந்த கை இல்லை அது. பத்து வருஷமாகக் கெட்டதை அறுத்து நல்லதைக் காட்டித்தான் அந்தக் கை நல்ல பேர் வாங்கியிருந்தது.

"எதுக்கு மறைச்சா? என்கிட்ட சொல்லியிருக்கலாம்லா?"

"ஊசி போடாத அன்னைக்கு எடை எறங்குதுன்னு கண்டுக்கிட்டா அண்ணாச்சி. சாப்பாடு இல்லையா, ஊசி இல்லன்னு நீங்க சொன்னதும் அவளுக்குத் தோதா இருந்திச்சு. சோத்தக் கொறைச்ச அன்னைக்கெல்லாம் ஊசிய விட்டுருவா. செங்கல் வரும்போதெல்லாம் பயந்துகிடுவா. தறி கெடைச்சதும் ஒழுங்காப் போட்டுக்கிடுதேன்னுவா. கெடைச்சிச்சு. அப்புறம், தறி நெலைக்கட்டும் போட்டுக்கிடுதேன்னா." கொஞ்சம் நிறுத்தி, "நீங்க வேற எல்லாருக்கும் முன்னால அவளப் புகழ்ந்தியளா..." என்றாள். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"கழிவு நூலை ஏன் தூக்கிப் போடல?"

"நூல யாரு தூக்கிப் போடுவா? மெஷின் தொடைக்க ஆகும்லா."

அவள் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு எண்ணினேன். ஆடிக்குப் பிறகு அவள் கொண்டுவந்த நூல்களையும் எடுத்துப் பக்கத்தில் வைத்து எண்ணினேன். செங்கலும் சேர்ந்தால்தான் நாள் கணக்குச் சரியாக வந்தது. ஒருநாள்கூட அவள் விடவில்லை. தினமும் பார்த்திருக்கிறாள், தினமும் கட்டியிருக்கிறாள். எண்ணிப் பார்க்காதவன் நான்தான். முப்பது நாளுக்கு முப்பது நூல் இருக்கிறதா என்று எண்ணியிருந்தால் போதும், எனக்கு வேறு ஒரு படிப்பும் தேவைப்பட்டிருக்காது. உங்கள் பம்ப் பெட்டியும் தினசரிக் கணக்கு வைத்திருக்கிறது என்று அந்த நர்ஸ் பெண் சொன்னாள். அது காட்டுகிற நல்ல எண்களை மட்டும் பார்க்காதீர்கள். காட்டாத மணி நேரத்தையும் கேளுங்கள். கேட்கும்போது அதட்டாதீர்கள். அதட்டினால் அறுத்துவிட்டுத்தான் கொண்டுவருவார்கள்.

அன்று மத்தியானமே தறிக்கூடத்துக்குப் போனேன். மாடத்திக்கு அக்காவின் தறியைக் கொடுத்திருந்தார்கள். சந்துக்குள் நின்றிருந்தாள். அப்போது நான் நல்ல கனம், அந்தச் சந்தில் நுழைய முடியவில்லை. முனையில் நின்று, "மாடத்தி!" என்றேன். தறிச் சத்தத்தில் கேட்கவில்லை. "செண்பகம் மேல தப்பு இல்ல! நான்தான் சொன்னேன்!" என்று கத்தினேன். அவள் காதைக் காட்டிக் கையை விரித்தாள். பிறகு ஒரு தறியை நிறுத்தினாள். அடுத்ததையும் நிறுத்தினாள். என்னவோ என்று பக்கத்துத் தறிக்காரிகளும் நிறுத்தினார்கள். மேஸ்திரி ஓடி வந்தார்.

சத்தம் குறைந்துவிட்டது. இனிமேல் அந்தச் சத்தத்துக்குள் மறைந்துகொள்ள முடியாது. சாதாரணக் குரலில் சொல்ல வேண்டியிருந்தது.

"சாப்பிடாத அன்னைக்கு ஊசி போடாதன்னு நான்தான் சொன்னேன். செண்பகம் அதைத்தான் கேட்டா. நான் பாதிதான் சொன்னேன்."

மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டார். மாடத்தி என்னையே பார்த்தாள். "எனக்குத் தெரியும் அண்ணாச்சி. பானகம் குடுத்தப்ப நானும்தான பக்கத்துல நின்னேன். என்னயத்தான திருப்பிச் சொல்லச் சொன்னிய."

அவள் சந்துக்குள்ளிருந்து ஓர் எட்டு முன்னால் வந்தாள்.

"மீதிப் பாதிய இப்பச் சொல்லுங்க" என்றாள். "இங்கன எல்லாரும் கேக்கட்டும்."

சொன்னேன். ஒருநாளும் அடியோட நிறுத்தக் கூடாது. சாப்பிட முடியலன்னா அளவ மாத்தணும், எம்புட்டுன்னு டாக்டர்தான் சொல்லணும். காய்ச்சலோ வாந்தியோ வந்தா மூத்திரத்த அடிக்கடி பாக்கணும், கஞ்சித் தண்ணியாவது குடிச்சுக்கிட்டு அன்னைக்கே ஓடி வரணும்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மாடத்தி குனிந்து, அறுந்து தொங்கிய இழையை எடுத்து முடிந்தாள். தறியை ஓட்டினாள்.